பூட்டில்லாத அகராதி: ஜப்பானியம் கற்றல் அன்றும் இன்றும்

1980களில் ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படித்த வெளிநாட்டு மாணவரின் மேசையில் பெரும்பாலும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். ஆண்ட்ரூ நெல்சன் தொகுத்து 1962இல் வெளிவந்த கான்ஜி அகராதி அது. சீனத்திலிருந்து ஜப்பான் எடுத்துக்கொண்ட எழுத்துகளுக்குத்தான் கான்ஜி என்று பெயர். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 1981இல் வகுத்த பட்டியலில் 1,945 கான்ஜிகள் இருந்தன. 2010இல் அது 2,136 ஆனது. செய்தித்தாள் வாசிக்க ஆசைப்படும் எவரும் ஏறக்குறைய அத்தனையையும் கடந்தாக வேண்டும்.

ஒலி தெரிந்த சொல்லைத் தேடுவதில் அன்றும் பெரிய சிரமம் இல்லை. அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று ஓடும் ஜப்பானிய அகரவரிசை, பௌத்தத்தோடு அங்கே போன இந்திய எழுத்து மரபின் வழிவந்தது. தமிழ்ப் பிள்ளைக்கு அது ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ஒலி தெரியாத எழுத்து எதிரே வந்து நிற்கும்போதுதான் தொல்லை. கான்ஜியைப் பார்த்தவுடன் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாது. படிக்க முடியாததை அகரவரிசையில் தேடவும் முடியாது.

அப்படியானால் எப்படித் தேடினார்கள்? ‘நிஹோன்கோ’ என்ற சொல்லில் மூன்றாவதாக வரும், மொழியைக் குறிக்கும் ‘கோ’ எழுத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் தலைமை உறுப்பு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இடப்பக்கம் நிற்கும் ‘சொல்’ என்ற உறுப்புதான் அது; 214 உறுப்புகள் கொண்ட மரபுப் பட்டியலில் 149ஆவது. பிறகு எஞ்சிய கோடுகளை எண்ண வேண்டும். வலப்பக்கம் மேலே ‘ஐந்து’ என்ற எழுத்து, நான்கு கோடுகள். கீழே ‘வாய்’ என்ற சதுரம். சதுரத்துக்கு நான்கு பக்கம் இருந்தாலும், மேல்கோட்டையும் வலக்கோட்டையும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பாக எழுதுவதால் கணக்குக்கு மூன்றுதான். ஆக, 149ஆம் உறுப்பின் கீழ் ஏழு கோடுகள் உள்ள பகுதிக்குப் போக வேண்டும். சதுரத்துக்கு நான்கு என்று எண்ணியவர் வேறு பக்கத்தில் அலைந்துகொண்டிருப்பார். இத்தனையும் ஒரே எழுத்துக்கு. தெரியாத எழுத்து முப்பது உள்ள ஒரு பத்தி, ஒரு மாலைப்பொழுதை விழுங்கிவிடும்.

கையடக்க மின் அகராதிகள் வந்தபோது உழைப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் கேசியோ, ஷார்ப், கேனன் போன்ற நிறுவனங்கள் அவற்றைச் செய்தது ஆங்கிலம் படிக்கும் ஜப்பானியருக்காக. பொத்தான்களின் பெயர், விளக்கம், எடுத்துக்காட்டு எல்லாம் ஜப்பானியம் படிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. விலையும் மாணவர் கைக்கு எட்டாதது. உள்ளே இருந்த சொற்களை எடுத்து வேறு எதற்கும் பயன்படுத்தவும் வழியில்லை. வாங்கியவருக்குக் கருவி சொந்தம். சொற்கள் பதிப்பகத்துக்குச் சொந்தம்.

ஒரு சொல், ஒரு வரி

அந்தப் பூட்டைத் திறந்த வேலை ஆஸ்திரேலியாவில் நடந்தது. மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் கணினித் துறை ஆசிரியராக இருந்த ஜிம் பிரீன், 1991இல் எடிக்ட் என்ற ஜப்பானிய-ஆங்கிலச் சொற்கோப்பைத் தொடங்கினார். அதன் அமைப்பு ஒரு பள்ளி மாணவனுக்கும் புரியும். ஒரு சொல்லுக்கு ஒரு வரி. முதலில் கான்ஜி வடிவம், அடுத்துச் சதுர அடைப்புக்குள் அதன் உச்சரிப்பு, பிறகு சாய்கோடுகளுக்கு நடுவே ஆங்கிலப் பொருள்கள். அவ்வளவுதான். நிரல் எழுதத் தெரிந்த எவரும் சில வரிகளில் அந்தக் கோப்பைப் படித்து ஒரு அகராதி செய்துவிடலாம். செய்தார்கள். பிரீன் தாமே ஜேடிக், எக்ஸ்ஜேடிக் என்ற நிரல்களை எழுதினார். ஜப்பானிய எழுத்துக்கோவை நிரல்கள் எழுதிய மற்றவர்களும் அதே கோப்பைத் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அன்றைய நிரலாளரின் பாடு இன்றைய தலைமுறைக்குச் சொன்னால்தான் தெரியும். ஜப்பானுக்கு வெளியே விற்ற டாஸ் கணினிக்கு ஜப்பானிய எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு கான்ஜியையும் அகராதி நிரலே புள்ளி புள்ளியாகத் திரையில் வரைந்து காட்ட வேண்டும். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையும் ஒன்றல்ல: ஜிஸ், ஷிஃப்ட்-ஜிஸ், ஈயுசி என்று மூன்று. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் திரை முழுக்கக் குப்பைக் குறிகள். யூனிகோடுக்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவோடு மல்லாடிய தமிழ்க் கணினிக்காரர்களுக்கு இந்த வேதனை விளக்காமலே புரியும்.

கோப்பு வளர்ந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சொற்களை அனுப்பினார்கள், பிழைகளைத் திருத்தினார்கள். கான்ஜிகளுக்கென்று கான்ஜிடிக் என்ற தனிக் கோப்பு பிறந்தது. ஜப்பானியத் தரப்பட்டியலின் 6,355 கான்ஜிகளுக்கும் உச்சரிப்பு, பொருள், கோட்டு எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தன. ஒரு சொல்லுக்குப் பல எழுத்து வடிவங்கள், பல உச்சரிப்புகள், பல பொருள்கள் இருக்கலாம் என்பதால் ஒற்றை வரி அமைப்பு போதாமல் போனது. விரிவான அமைப்போடு ஜேஎம்டிக்ட் வந்தது. அதில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். நன்றி தெரிவிக்க வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இவை இரண்டுதான் நிபந்தனை. கடையில் விற்கும் செயலிகள் உட்பட, இன்று புழங்கும் ஜப்பானிய-ஆங்கில அகராதிச் செயலிகளில் பலவும் இந்தத் தரவின்மேல்தான் நிற்கின்றன.

விரல் பட்டதும் நடப்பது

இன்று ஒரு மாணவி உலாவியில் ஜப்பானியச் செய்தி ஒன்றைத் திறக்கிறாள். தெரியாத சொல்லின்மேல் சுட்டியைக் கொண்டுபோகிறாள். அடுத்த கணம் உச்சரிப்பும் பொருளும் ஒரு சிறு பெட்டியில் வந்து நிற்கின்றன. நெல்சன் அகராதியில் கால்மணி நேரம் பிடித்த வேலை கண் இமைப்பதற்குள் முடிகிறது.

ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஆகவே சொல் எங்கே முடிகிறது என்று கருவிக்கு முதலில் தெரியாது. சுட்டி நிற்கும் இடத்திலிருந்து சில எழுத்துகளை ஒரு கொத்தாக எடுத்து அகராதியில் தேடும். இல்லையென்றால் கடைசி எழுத்தைக் கழித்துவிட்டுத் தேடும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்து, கிடைக்கும் மிக நீண்ட சொல்லைப் பிடித்துக்கொள்ளும்.

அதுவும் போதாது. பக்கத்தில் இருப்பது ‘தபேத்தக்குனக்கத்தா’ என்ற வடிவம், ‘சாப்பிட விரும்பவில்லை’ என்று பொருள். அகராதியில் அப்படி ஒரு சொல் இருக்காது. கருவி விகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இறந்தகாலத்தைக் கழற்றினால் ‘தபேத்தக்குனாய்’, எதிர்மறையைக் கழற்றினால் ‘தபேத்தாய்’, விருப்பத்தைக் கழற்றினால் ‘தபேரு’, அதாவது சாப்பிடு. இப்போது அகராதியில் அகப்படும். எந்த விகுதி எதிலிருந்து வந்தது என்ற பட்டியலை யாரோ உட்கார்ந்து கையால் எழுதி, எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெட்டி அவ்வளவு சட்டென்று விரிகிறது.

ஒரு பக்கம் முழுவதையும் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கான்ஜியின் தலைமேலும் உச்சரிப்பைப் போட வேண்டுமானால் இன்னும் பெரிய எந்திரம் வேண்டும். டாக்கு குடோ எழுதிய மெகாப் அப்படிப்பட்டது. அதுவும் திறந்த மூலம்தான். ஒரு வாக்கியத்தைப் பிரிக்கக்கூடிய எல்லா வழிகளையும் விரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் சொற்களின் சேர்க்கைக்கும் ஒரு செலவு கணக்கிட்டு, மொத்தச் செலவு குறைந்த வழியை அது தேர்ந்தெடுக்கிறது.

மற்ற உறுப்புகளும் இப்படியே சேர்ந்தன. கான்ஜியின் கோடுகள் எந்த வரிசையில், எந்தத் திசையில் போகின்றன என்ற வரைபடத் தரவு கான்ஜிவிஜி. அதைத் தொடங்கிய உல்ரிக் ஆப்பெல்தான் வடோக்கு என்ற ஜப்பானிய-ஜெர்மன் அகராதியையும் தொடங்கியவர். எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு வித்திட்டவர் ஹியோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யசுஹிட்டோ தனாகா. தம் மாணவர்களைக் கொண்டு ஜப்பானிய-ஆங்கில வாக்கிய இணைகளைத் திரட்டி 2001இல் பொதுவுடைமையாக விட்டார். அதில் பிழைகள் நிறைய இருந்தன. தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் களையெடுத்தார்கள். பின்னர் அவை தத்தோஎபா என்ற பன்மொழி வாக்கியக் களஞ்சியத்தோடு சேர்ந்தன. வாசிப்பதற்கோ, 1997இல் தொடங்கிய அவோசோரா புன்கோ என்ற மின்நூலகம் இருக்கிறது. காப்புரிமை முடிந்த ஆயிரக்கணக்கான படைப்புகளைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள்; எழுத்தாளர்கள் சோசெகியும் அகுதகாவாவும் அங்கே இலவசம்.

நினைவுப் பெட்டி

கண்ட சொல்லை மறக்காமல் வைப்பது தனிப் போராட்டம். அன்று வளையத்தில் கோத்த சிறு அட்டைகள் இருந்தன. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். எந்த அட்டையை எப்போது திரும்பப் பார்ப்பது என்பது அவரவர் ஊகம். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970களில் அட்டைகளைப் பல அறைகளுள்ள பெட்டியில் பிரித்து வைக்கும் முறையைச் சொன்னார். போலந்தின் பியோத்ர் வோஸ்னியாக் 1987இல் அந்த இடைவெளியைக் கணிக்கும் கணக்கு ஒன்றைக் கணினியில் எழுதினார்: சரியாக நினைவுகூர்ந்தால் இடைவெளி நீளும், தவறினால் சுருங்கும்.

அந்தக் கணக்கை எல்லோர் கையிலும் கொண்டுவந்து சேர்த்தது ஆங்கி. தமது ஜப்பானியப் படிப்புக்கு உதவியாக டேமியன் எல்ம்ஸ் எழுதி 2006இல் வெளியிட்ட திறமூல நிரல் அது. இன்று மருத்துவ மாணவர்களும் சட்ட மாணவர்களும் அதை வைத்துப் படிக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசிக்கான வடிவத்தைத் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகத் தருகிறார்கள். 2023இல் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணிப்பு முறையும் ஆங்கிக்குள் வந்துவிட்டது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியே பிறந்த ஆய்வு இவ்வளவு எளிதாக உள்ளே நுழைய முடிந்தது.

கருவி போகும், தரவு நிற்கும்

இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக நான் இந்தக் கருவிகளைப் போற்றவில்லை. இலவசமாகத் தரப்படும் மூடிய செயலிகளும் உண்டு. நிறுவனம் மனம் மாறினால் அவை மறுநாளே மறைந்துவிடும். திறந்த கருவியின் பெருமை, அதை எழுதியவர் விலகிய பிறகு தெரியும்.

ஃபயர்பாக்ஸ் உலாவியில், சுட்டியை வைத்தால் பொருள் காட்டும் ரிக்காய்சான் என்ற நீட்சி பல ஆண்டுகள் கோலோச்சியது. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் தன் பழைய நீட்சி முறையைக் கைவிட்டபோது அது இயங்காமல் போனது. ஆனால் அதன் வழிமுறையைக் கொண்டு புதிதாக எழுதப்பட்ட நீட்சி உடனடியாக இடத்தை நிரப்பியது; டென்டென் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. அதேபோல, மாணவர்கள் பெரிதும் நம்பியிருந்த யோமிச்சான் என்ற நீட்சி 2023இல் நிறுத்தப்பட்டது. நிரல் திறந்திருந்ததால் வேறு சிலர் அதை எடுத்துத் தொடர்ந்தார்கள். அதுதான் இன்றைய யோமித்தான். படிக்கிறவருக்கு மாறியது பெயர் மட்டும்தான். அவருடைய சொற்கோப்புகளும் பழக்கமும் அப்படியே கைவசம் இருந்தன.

இன்று கட்டுகிறவருக்கு

1991இல் ஒரு ஜப்பானியக் கருவி செய்ய நினைத்தவர் எழுத்துரு, குறிமுறை, சொற்பட்டியல் எல்லாவற்றுக்கும் தாமே பாடுபட வேண்டும். இன்று ஒரு கல்லூரி மாணவர் ஜேஎம்டிக்டை இறக்கி ஒரு தரவுத்தளத்தில் ஏற்றி, கான்ஜிவிஜியின் கோட்டு வரைபடத்தை இணைத்து, ஒரு வார இறுதியில் ஓடக்கூடிய மாதிரியைச் செய்துவிடலாம்.

செங்கல்லும் சுண்ணாம்பும் கிடைத்துவிட்டன, வீடு கட்டும் அறிவு மட்டும் அன்று போலவே இன்றும் தனியாகச் சம்பாதிக்க வேண்டியதாகவே இருக்கிறது. 2 லட்சம் பதிவுகளில் தொடக்க மாணவருக்கு எந்த ஆயிரத்தைக் காட்டுவது? ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு பொருள் இருந்தால் எதை முதலில் வைப்பது? அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் இவற்றுக்கு விடை கிடைக்காது. தரவு தந்தவர்களின் பெயரைச் செயலியில் தெளிவாகப் போடுவதும் கட்டுகிறவரின் கடமை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கற்பவரிடமும் ஒரு மாற்றம் தெரிகிறது. கோடுகளை எண்ணித் தேடிய தலைமுறைக்கு எழுத்தின் உறுப்புகள் கண்ணில் பதிந்தன. தேடலே பாதிப் படிப்பாக அமைந்தது. தொட்டவுடன் பொருள் கிடைக்கும் இன்றைய மாணவருக்கு அந்தப் பயிற்சி தானாக வாய்ப்பதில்லை. அதற்காகப் பழைய அகராதிக்குத் திரும்பச் சொல்லவில்லை. நல்ல கருவி பொருளைக் காட்டுவதோடு நிற்காமல், எழுத்தைப் பிரித்துக் காட்டவும் கையால் எழுதிப் பார்க்கவும் இடம் தர வேண்டும். அதற்கான தரவும் திறந்தே கிடக்கிறது.

செயற்கை நுண்ணறிவு எடுத்துக்காட்டு வாக்கியங்களை நொடிக்கு நூறாகத் தருகிறது. அவற்றில் எது இயல்பான ஜப்பானியம், எது ஒட்டவைத்தது என்று தொடக்க மாணவருக்குத் தெரியாது. ஜேஎம்டிக்டிலோ ஒரு பதிவைத் திருத்த யாரும் முன்மொழியலாம். ஆதாரம் கேட்பார்கள், பதிப்பாசிரியர் பார்த்த பிறகே அது ஏறும், யார் எதை மாற்றினார் என்ற வரலாறும் இருக்கும். மனிதர் பார்த்துப் பொறுப்பேற்ற இந்தத் தரவுக்கு முன்னைவிட இப்போதுதான் மதிப்பு அதிகம்.

தமிழ்க் கதவு

ஜேஎம்டிக்டில் ஆங்கிலம் தவிர ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ், டச்சு, ஹங்கேரியன், ஸ்வீடிஷ், ஸ்லோவேனியன் மொழிகளிலும் பொருள்கள் உள்ளன. ஸ்லோவேனிய மொழி பேசுவோர் சுமார் 20 லட்சம் பேர்தான். தமிழ் இல்லை.

இத்தனைக்கும் ஜப்பானியத்தின் நடை நமக்கு மிக நெருக்கம். ‘டோக்கியோ கரா ஓசாகா மதே’ என்பதை ‘டோக்கியோவிலிருந்து ஓசாகா வரை’ என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் வைக்கலாம். வினை கடைசியில் வருகிறது, உருபுகள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. ‘தபேத்தே மிரு’ என்ற தொடரை ஆங்கில நூல்கள் ஒரு பத்தி எழுதி விளக்குகின்றன. தமிழில் ‘சாப்பிட்டுப் பார்’ என்றால் முடிந்தது. ‘மிரு’ என்றாலும் பார்ப்பதுதான். இருந்தும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஜப்பானியத்துக்குப் போகிறார்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை.

தேவையும் கூடியிருக்கிறது. 1984இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் நடக்கிறது. அங்குள்ள ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் வகுப்புகளும் நடத்துகிறது. குறிப்பிட்ட திறனுள்ள தொழிலாளர்களை அனுப்ப இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தன. முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்குப் போக விரும்புகிறவர்கள் மொழித் தேர்விலும் தேற வேண்டும். அவர்களில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு.

ஜப்பானியம் தெரிந்த தமிழர்களே, ஆசிரியர்களே, ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடிக்கடி புழங்கும் ஆயிரம் சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் எழுதுங்கள். அச்சு அகராதியிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டாம். உங்கள் வகுப்பறையில், உங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதை எழுதுங்கள். தத்தோஎபா தமிழ் வாக்கியங்களையும் ஏற்கிறது. தினம் ஒன்று சேர்த்தாலும் போதும். நிரல் தெரிந்தவர்கள் அவற்றைத் திரட்டித் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். ஜெர்மன் பொருள்கள் வடோக்கு என்ற தனி முயற்சியிலிருந்து ஜேஎம்டிக்டுக்கு வந்தது போல, தமிழும் வர முடியும். கருவிகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. எழுத வேண்டியது தமிழ்ப் பொருள் மட்டுமே. அதை நம்மைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை.